ஆயுதம் ஏந்தியவரும் ஏந்தாதவரும்: போருக்குப் பின் உடல்நலம்

2016ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வடக்கில் ஓர் அச்சம் ஊர் ஊராகப் பரவியது. புனர்வாழ்வு பெற்று வீடு திரும்பிய முன்னாள் போராளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள், தடுப்பில் இருந்தபோது ஏற்றப்பட்ட ஊசிதான் அதற்குக் காரணம் என்று கதைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015 ஒக்ரோபர் 18ஆம் திகதி மகரகம வைத்தியசாலையில் புற்றுநோயால் காலமானது இந்த அச்சத்துக்கு ஏற்கெனவே வலுச் சேர்த்திருந்தது. இறந்தவர் தொகை நூற்றைத் தாண்டிவிட்டது என்று செய்திகள் வந்தன. வட மாகாண சபையிலும் இவ்விடயம் பேசப்பட்டது. வெளிநாட்டு மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அரசாங்கம் குற்றச்சாட்டை மறுத்தது. சில மாதங்களில் பேச்சு அடங்கிவிட்டது. பயம் அடங்கவில்லை.

இன்றும் முன்னாள் போராளி ஒருவருக்குக் காய்ச்சல் மூன்று நாள் விடாமல் நின்றால் வீட்டார் கலங்குகிறார்கள். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் மாரடைப்பால் இறந்தால், செத்தவீட்டில் முதலில் எழும் கேள்வி "அவர் இயக்கத்தில் இருந்தவரோ?" என்பதுதான். இக்கேள்வியைப் பகிடியாக்கி ஒதுக்குவது நியாயமல்ல. போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னும் அது மனிதரின் உடலுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கிறது என்பது உலகம் பல நாடுகளில் கண்ட உண்மை. ஆனால் எப்படி வேலை செய்கிறது, யாருக்குக் கூடுதலாகச் செய்கிறது, அதைத் தடுக்க வழி உண்டா என்பவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். வதந்தி ஆளைப் படுக்கையில் விழுத்தும், மருந்து தராது.

ஒரே ஒழுங்கையில் நாலு வீடுகள்

இக்கேள்வியைக் கேட்பதற்குத் தொண்டைமானாறு பொருத்தமான இடம். 1987 மே 26இல் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையின் முதல் நாட்களிலேயே இந்தக் கடலேரிக் கரை போர்க்களமானது. அந்த நடவடிக்கையில் வடமராட்சியின் இளைஞர்கள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1990இல் பலாலி, வசாவிளான், மயிலிட்டிப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களை விட்டு எழும்பிய கமக்காரக் குடும்பங்கள் பல கிழக்கே வடமராட்சிக்கு வந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழும்பியபோது இன்னும் பலர் வந்தனர். சிலர் இங்கிருந்து வன்னிக்குப் போய், 2009இல் மெனிக் பாம் முகாம் வழியாகத் திரும்பினர். பலாலி உயர்பாதுகாப்பு வலயத்தின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டு வந்தாலும், எல்லாக் குடும்பங்களுக்கும் இன்னமும் தங்கள் தறை கிடைக்கவில்லை.

ஆகவே இங்குள்ள ஓர் ஒழுங்கையில் இப்படி நாலு வீடுகள் இருக்கக்கூடும். முதல் வீட்டில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த முன்னாள் போராளி. இரண்டாவது வீட்டில், ஒருநாளும் துவக்கைத் தொடாத, வெங்காயத் தோட்டத்தில் நின்றபோது ஷெல் துண்டு தோளில் ஏறிய கமக்காரர். மூன்றாவதில் ஏழெட்டுத் தடவை இடம்பெயர்ந்து, மகனைப் பறிகொடுத்து, இப்போது சீனி வருத்தமும் பிறஷரும் உள்ள தாய். நாலாவது வீட்டில், தாய் பதுங்கு குழிக்குள் இருந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளை. அது இன்று வளர்ந்த ஆள். இந்த நாலு பேரில் போர் யாருடைய உடலைக் கூடுதலாகக் கெடுத்தது? போராளியையா, மற்றவர்களையா?

எண்ணிக்கை மட்டும் போதாது

முதலில் ஒரு கணக்கு. 2009இன் பின் புனர்வாழ்வு நிலையங்கள் ஊடாக வந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். உலகத்தில் எந்தப் பன்னிரண்டாயிரம் பேரை எடுத்தாலும் அவர்களில் சிலர் ஒவ்வோர் ஆண்டும் இறப்பார்கள். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 12 மரணம், ஏழு வருடத்தில் 84. ஆயிரத்துக்கு இருவர் என்று வைத்தால் ஏழு வருடத்தில் 168. நூறு மரணம் என்ற எண் அதிகமா, குறைவா, சாதாரணமா என்பதை அந்த எண்ணே சொல்லாது. அதே வயது, அதே பால், அதே மாவட்டத்து மற்றவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்லும்.

தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. வெங்காயப் பாத்தி ஒன்று அழுகினால், புதிதாகப் போட்ட பசளைதான் காரணம் என்று உடனே சொல்லிவிடமாட்டோம். அதே கிணற்றுத் தண்ணீர் பாய்ந்து, அந்தப் பசளை போடாத பக்கத்துப் பாத்தியைப் போய்ப் பார்ப்போம். அதுவும் அழுகியிருந்தால் காரணம் தண்ணீரிலோ மண்ணிலோ மழையிலோ இருக்கலாம். நோயைப் பற்றிய ஆராய்ச்சியும் இந்தப் பக்கத்துப் பாத்தியைத் தேடுவதுதான்.

இப்படிப் பார்த்து ஓர் ஐயத்தைத் தீர்த்த அனுபவம் பிரித்தானியாவுக்கு உண்டு. 1991 வளைகுடாப் போரில் ஈராக்குக்கு எதிராகப் போய்த் திரும்பிய பிரித்தானியப் படையினர் பலர் களைப்பு, மூட்டு நோ, மறதி, தோல் வருத்தம் என்று முறையிட்டனர். போருக்கு முன் ஏற்றப்பட்ட தடுப்பூசிகளும் களத்தில் இருந்த இரசாயனங்களும் தங்களைக் கொல்கின்றன என்று அவர்களும் அஞ்சினர். அங்கே அரசிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. வளைகுடாவுக்குப் போன ஏறத்தாழ 53,000 பேரையும், அதே காலத்தில் படையில் இருந்தும் போகாத அதேயளவு பேரையும் எட்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். போனவர்களில் 395 மரணம். போகாதவர்களில் 378. நோயால் இறந்தவர்கள் போனவர்களில் கூடுதலாக இருக்கவில்லை. வீதி விபத்துப் போன்றவற்றால் இறந்தவர்களே சற்றுக் கூட இருந்தனர்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1999இல் வெளியான இன்னோர் ஆய்வு, வளைகுடாவுக்குப் போனவர்களிடம் மேற்சொன்ன உடல் உபாதைகள் மற்றப் படையினரைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்று காட்டியது. "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று அந்த மனிதருக்குச் சொல்ல முடியாது. "நீங்கள் சாகப்போகிறீர்கள்" என்றும் சொல்லத் தேவையில்லை. வருத்தம் உண்மை, நஞ்சு பற்றிய பயம் வேறு. நமது முன்னாள் போராளிகளின் வீடுகளிலும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

படையில் சேருபவர் தெரிந்தெடுக்கப்பட்டவர்

இன்னொரு நுட்பமும் உண்டு. எந்த நாட்டிலும் படைக்கு ஆள் எடுக்கும்போது கண், காது, நெஞ்சு, கால் எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள். நோயாளி வாசலிலேயே திருப்பப்படுவார். ஆகவே பழைய படையினரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால், முதல் பல ஆண்டுகளுக்குப் படையினரே சுகதேகிகளாகத் தெரிவார்கள். போர் உடம்புக்கு நல்லது என்பதல்ல அதன் பொருள். தொடக்கத்திலேயே நல்ல விதையைத் தெரிந்து நாட்டியதன் விளைவு அது.

நமது நிலை இதற்கும் வேறானது. தொடக்க காலத்தில் விரும்பிப் போனவர்கள் பலர் திடகாத்திரமான இளைஞர்கள். இறுதி ஆண்டுகளில் வன்னியில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் மெலிந்தவர்களும் இருந்தனர். எல்லாரையும் "முன்னாள் போராளி" என்று ஒரே சாக்குக்குள் கட்டினால் கணக்குப் பிழைக்கும். எத்தனை வயதில் போனார், எத்தனை தடவை காயப்பட்டார், எத்தனை நாள் பட்டினி கிடந்தார், தடுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால்தான் அவருடைய உடம்பு விளங்கும்.

மனதின் காயம்: அமெரிக்காவும் யாழ்ப்பாணமும்

போர் மனதையும் இதயத்தையும் தாக்குகிறது என்பது பழைய செய்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின், 1871இல் டா கொஸ்ரா என்ற மருத்துவர், வெளிக்காயம் எதுவும் இல்லாமலே நெஞ்சு படபடப்பும் மூச்சுத்திணறலும் களைப்பும் கொண்ட படையினரைப் பற்றி எழுதினார். வியட்நாம் போரின் பின், 1980இல், இத்துன்பத்துக்கு மருத்துவ நூலில் ஒரு பெயர் கிடைத்தது. நமது மருத்துவர்கள் அதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்கிறார்கள். கெட்ட கனவு, நடந்தது திரும்பக் கண்முன் வருதல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், ஆட்களை விட்டு ஒதுங்குதல், எரிந்து விழுதல் ஆகியன அதன் அடையாளங்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வியட்நாம் களத்துக்குப் போன ஆண்களில் அப்போதும் 100க்கு 15 பேருக்கு இந்த நோய் இருந்தது. அக்காலத்தில் படையில் இருந்தும் களத்துக்குப் போகாதவர்களில் 100க்கு இரண்டு மூன்று பேர். பொதுமக்களில் 100க்கு ஒருவர். பின்னர் வேறு ஆய்வாளர் இதே தரவுகளைக் கடுமையான அளவுகோலால் மீண்டும் பார்த்தபோது 15 என்பது 9 ஆகக் குறைந்தது. என்றாலும் வேறுபாடு தெளிவாகவே நின்றது. அங்கே படையினரின் நோய் கூட, பொதுமக்களின் நோய் குறைவு.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருவோம். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் போருக்குள் வாழ்ந்த யாழ் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வு 1994இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியானது. 98 பேரைப் பார்த்தார்கள். மனவடு நோய் 27 வீதத்தினருக்கு. மனச்சோர்வு 25 வீதத்தினருக்கு. மனதின் துன்பம் தலையிடி, உடல் உழைவு, நெஞ்சு நோ என உடலில் வெளிப்பட்டவர்கள் 41 வீதம். இவர்கள் போராளிகள் அல்லர். கமம் செய்தவர்கள், கடலுக்குப் போனவர்கள், பிள்ளைகளை வளர்த்தவர்கள்.

மற்றப் பக்கத்தையும் பார்ப்போம். போர் முடிந்தபின், களத்தில் இருந்த இலங்கைக் கடற்படையினரிடம் ஹன்வெல்ல முதலான மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. சிறப்புப் படையணியிலும் சாதாரணப் படையணியிலும் மனவடு நோய் ஏறத்தாழ 2 வீதமே.

யாழ்ப்பாணத்துப் பொதுமகனுக்கு 27, கடற்படை வீரருக்கு 2. இரண்டு ஆய்வின் அளவுகோலும் காலமும் வேறு என்பதால் இவ்வெண்களை நேருக்கு நேர் நிறுத்தக்கூடாது. சேவையில் இருக்கும் வீரர் தன் மனத்துன்பத்தைச் சொல்லத் தயங்குவார். கடுங்காயப்பட்டவரும் படையைவிட்டு ஓடியவரும் இப்படியான ஆய்வுக்குள் வரமாட்டார்கள். ஆனாலும் அமெரிக்காவில் கண்ட ஒழுங்கு இங்கே இல்லை என்பது தெரிகிறது. காரணம் விளங்காததல்ல. அமெரிக்கப் பொதுமகனின் வீடு வியட்நாமிலிருந்து ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் இருந்தது. நமது பொதுமகனின் வீடே களம். படைவீரனுக்குப் பயிற்சி இருந்தது, கையில் ஆயுதம் இருந்தது, பக்கத்தில் தோழர் இருந்தனர், சம்பளம் வந்தது. வயற்கரையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடந்த ஒரு வீட்டு ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. அது 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பதற்றம் 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், மனவடு நோய் 7 வீதம். அப்போது முகாம்களில் இருந்தவர்களிடம் இவை மூன்றும், தம் ஊரிலேயே இருந்தவர்களைவிட மிகக் கூடுதலாக இருந்தன. ஆனால் ஒவ்வொருவரும் எத்தனை அவலங்களைக் கண்டார் என்பதையும் கணக்கில் எடுத்தபோது, இடம்பெயர்ந்தவருக்கும் பெயராதவருக்கும் இருந்த அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

இதன் கருத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். போராளி, பொதுமகன், அகதி, ஊரவர் என்ற பெயர்ப்பலகையை உடம்பு வாசிப்பதில்லை. என்ன கண்டோம், எவரை இழந்தோம், எத்தனை தடவை என்பதையே அது கணக்கு வைக்கிறது.

உடலில் தங்கிய போர்

மனதைப் போலவே உடலுக்கும் ஒரு நீண்ட கணக்கு உண்டு. அதில் பெரும்பகுதி மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது.

கால் இழந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் அவயவம் இழந்த அமெரிக்கப் படையினரை முப்பது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 1980இல் வெளியானது. முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களும் இரு கால்களையும் இழந்தவர்களும் இதயநோயால் இறப்பது, வேறு காயம் பட்டவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. நடமாட்டம் குறைய உடல் பருக்கும், பிறஷர் ஏறும், சீனி கூடும். ஆகவே காலை இழந்த ஒருவர் நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், ஊசியைத் தேடுமுன் அவருடைய குருதி அமுக்கத்தை யாராவது அளந்தார்களா என்று கேட்க வேண்டும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள். இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் முதலாம் உலகப் போரில் பெரும்பாலும் விரைவிலேயே இறந்தனர். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கிருமியும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் குட்மன் என்ற மருத்துவர், நோயாளியைக் குறித்த நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்து, சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பேணி, இந்த மரணங்களைப் பெருமளவு தடுத்தார். வீட்டில் நாம் செய்யக்கூடிய வேலை இது.

உள்ளே இருக்கும் ஷெல் துண்டும் சன்னமும். தசைக்குள் அடங்கியிருக்கும் இரும்புத் துண்டு பெரும்பாலும் தொந்தரவு தராது. எல்லாவற்றையும் வெட்டி எடுக்கவும் தேவையில்லை. ஆனால் ஈயச் சன்னம் மூட்டுக்குள் இருந்தால், மூட்டு நீர் அந்த ஈயத்தை மெல்லக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கும். பல வருடங்களின் பின் வயிற்று நோவு, இரத்தச்சோகை, களைப்பு, கை கால் சோர்வு வரலாம். இது உண்மையிலேயே மெல்லக் கொல்லும் நஞ்சு. இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்யலாம். இன்னொன்று: உடலில் உலோகம் உள்ளவர் எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடும்.

ஆறாத பழைய புண்கள். வருடக்கணக்காகச் சீழ் வடியும் புண்ணுக்குக் கீழே எலும்பு பழுதாகியிருக்கலாம். நெடுநாள் ஆறாத புண்ணில் அருமையாகப் புற்றுநோயும் வரும். "பழைய காயந்தானே" என்று துணியால் கட்டிக்கொண்டு திரிவது ஆபத்து.

புகையும் மதுவும். அமெரிக்கப் படையினரின் சாப்பாட்டுப் பொதிக்குள் 1975 வரை சிகரெட்டும் வைத்துக் கொடுத்தார்கள். அங்கு பழைய படையினர் நடுவயதுக்குப் பின் பொதுமக்களைவிடக் கூடுதலாக இறந்ததில், படையில் பழகிய புகைத்தலுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று பின்னர் கணக்கிட்டார்கள். புகையிலை நாட்டிப் பிழைத்த நமது மண்ணுக்கு இது கசப்பான செய்தி. நித்திரை வராமல் குடிக்கப் பழகியவர்கள் இங்கும் பலர். எதிரியின் குண்டுக்குத் தப்பியவரைச் சுருட்டும் சாராயமும் கொண்டுபோக விடலாமா?

ஆயுதம் ஏந்தாதவரின் இதயம். லெபனான் உள்நாட்டுப் போரின்போது பெய்ரூட் நகரை இரண்டாகப் பிரித்த கோட்டைத் தாண்டித் தாண்டிப் போய்வந்த பொதுமக்களிடம் இதயக்குழாய் அடைப்புக் கூடுதலாக இருந்ததை 1989இல் அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டினர். கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் தாண்டியவர்களுக்கும், ஆனையிறவுப் பாதையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்றவர்களுக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வயிற்றில் இருந்த பிள்ளை. 1944-45 பனிக்காலத்தில் ஜேர்மனியர் உணவை மறித்ததால் ஒல்லாந்து நாட்டின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதை எட்டியபோது, அவர்களுக்குச் சீனியைச் சமாளிக்கும் சக்தி குறைந்திருந்தது. கருவின் முதல் மாதங்களில் பட்டினி கண்டவர்களிடம் இதயநோயும் கூடியிருந்தது. ஒழுங்கையின் நாலாவது வீட்டுப் பிள்ளை துவக்கையும் காணவில்லை, ஷெல்லையும் காணவில்லை. என்றாலும் சீனி பார்ப்பதை அவர் பிற்போடக் கூடாது.

யாருக்குப் பதிவேடு உண்டு?

இலங்கைப் படைவீரருக்கு இராணுவ வைத்தியசாலை உண்டு. 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவை அதிகாரசபை உண்டு. சேவைப் பதிவேடு உண்டு. காயம் எப்போது, எங்கே, என்ன மருந்து என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அவர்களும் பெரும்பாலும் அநுராதபுரம், குருநாகல், மொனராகலைப் பக்கத்துக் கமக்காரரின் பிள்ளைகளே. அவர்களுடைய துன்பமும் துன்பந்தான். அவர்களுக்குக் கிடைப்பதை நாம் பொறாமையோடு பார்க்கத் தேவையில்லை. ஆனால் பதிவேட்டின் பெறுமதியை அவர்களிடமிருந்து படிக்கலாம்.

முன்னாள் போராளிக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. களமுனை மருத்துவமனைகளில் எழுதப்பட்ட துண்டுகள் களத்தோடு போயின. பொதுமகனுக்கோ ஒருபோதும் இருந்ததில்லை. ஐந்து தடவை இடம்பெயர்ந்தவரிடம் பழைய கிளினிக் கொப்பி எப்படி இருக்கும்? 2016இல் எழுந்த கேள்விக்குத் திடமான பதில் கிடைக்காமல் போனதற்கு முதற்காரணம் இதுவே. எண்ணப்படாத மரணத்தில் பயமும் வளரும், அலட்சியமும் வளரும். ஊசிதான் என்பவருக்கும் ஒன்றுமில்லை என்பவருக்கும் கையில் கணக்கு இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டுக்கு ஒரு கொப்பி வையுங்கள். காயப்பட்ட வருடம், இடம், செய்த சத்திரசிகிச்சை, உள்ளே தங்கிய துண்டு, ஏற்றிய இரத்தம், இப்போது போடும் குளிசை எல்லாவற்றையும் எழுதுங்கள். இயக்கத்தில் இருந்தவர் என்று எழுத வேண்டியதில்லை. "ஷெல் காயம்" என்பது மருத்துவருக்குப் போதும்.

2. முப்பத்தைந்து வயது தாண்டிய எவரும், ஆயுதம் ஏந்தியவராயினும் இல்லாவிட்டாலும், வருடத்துக்கு ஒருதரம் பிறஷரும் சீனியும் பாருங்கள். அரச வைத்தியசாலைகளில் இது இலவசம். காலை இழந்தவரும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரும் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

3. செயற்கைக் கால் தேய்ந்தாலோ தோலை உரசினாலோ தாமதிக்காமல் மாற்றுங்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் இயங்கி வருகிறது. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் உருவான இந்தக் கால், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் குந்தியிருக்கவும் ஏற்றது. கமக்காரருக்கென்றே செய்தது போன்றது.

4. நித்திரையின்மை, திடுக்கிடல், ஓயாத பெருமூச்சு, காரணம் தெரியாத உடல் உழைவு ஆகியவை விசர் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் கதைக்கலாம். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், பகிடிக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள்.

5. திடீர் மரணம் நேர்ந்து ஐயம் இருந்தால், கதைத்துவிட்டு அடக்கம் செய்யாதீர்கள். திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவியுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்த அறிக்கை ஐயத்தை உறுதிசெய்யலாம், நீக்கவும் செய்யலாம். இரண்டும் வதந்தியைவிட நல்லது.

6. முன்னாள் போராளி என்பதற்காகப் பெண் கொடுக்க, வேலை கொடுக்க, கூலிக்குக் கூப்பிடத் தயங்காதீர்கள். ஊசிக் கதையால் மிகவும் நொந்தவர்கள் பெண் போராளிகள். "இவள் கனகாலம் இருக்கமாட்டாள்" என்று ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நாட்களை ஓட்டுவது ஒரு நோய்க்குச் சமம். வேலையும் துணையும் மதிப்பும் இருப்பவர் நீண்டகாலம் சுகமாக இருப்பார். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ தன் ஊரின் கொப்பிகளை வருடத்துக்கு ஒருதரம் ஒன்றுசேர்த்துப் பார்க்கலாம். பெயர் வேண்டாம். வயது, வருத்தம், காயம், காலமானால் காரணம் மட்டும் போதும். பத்து ஊர்கள் பத்து வருடம் இதைச் செய்தால், 2016இல் கேட்ட கேள்வியை அடுத்த முறை யாராவது கேட்கும்போது கையில் ஒரு பக்கத்துப் பாத்தி இருக்கும். ஆயுதம் ஏந்தியவரையும் ஏந்தாதவரையும் ஒரே கொப்பியில் எழுதுவோம். ஒரே ஷெல்லின் துண்டுகள் இருவர் உடலிலும் இருக்கின்றன.